பதினாறாம் நாளுக்கு அப்புறம்

பெரியப்பா வீட்டுக்கு ஏணி கேட்கப் போனவன், ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வீடு திரும்பினேன். போன வேலை ஐந்து நிமிஷம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும், அதற்கு ஏணி வேண்டும், அவ்வளவுதான். என் மனைவி மூன்று தடவை போன் பண்ணிவிட்டு நாலாவது தடவை பண்ணவில்லை. (நாலாவது போன் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகாதவர்கள் பொறுத்திருந்து தெரிந்துகொள்ளவும்.)

அந்த ஏணிக் கதையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு நட்சத்திரம் செத்த கதையைச் சொல்லியாக வேண்டும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இப்போதே கேட்டால் எனக்கே பதில் தெரியாது. எழுதிக்கொண்டே வருகிறேன், பார்ப்போம்.

ஆரம்பித்து வைத்தவர் எங்கள் ஆபீஸ் நண்பர். கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு தினம் ஒரே டவுன் பஸ்ஸில் போகிற கோஷ்டி நாங்கள். வடை மடித்த காகிதத்தைக்கூட எண்ணெய் துடைத்துப் படித்துவிட்டுத்தான் எறிவார் நண்பர். அன்றைக்குப் பஸ் கிளம்பியதும் ஆரம்பித்தார்:

"ஏம்ப்பா, கருந்துளை ஏப்பம் விடுதாமே? உள்ள போனா வெளிச்சம்கூட திரும்பி வராதுன்னுதான படிச்சோம்? அப்புறம் ஏப்பம் மட்டும் எப்படி வருது?"

பின் சீட்டு காலேஜ் பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கலாம், ஆனால் கேள்வி அசல் கேள்வி. நானும் சிரித்து மழுப்பிவிட்டு ஒரு வாரம் படித்தேன். படித்ததைத்தான் இப்போது உங்கள் தலையில் கட்டுகிறேன்.

பெரிய காலக்ஸிகளின் நட்ட நடுவில் பெரும்பாலும் ஒரு ராட்சசக் கருந்துளை உட்கார்ந்திருக்கிறது. நம் பால்வீதியின் நடுவிலும் ஒன்று உண்டு. எடை, சுமார் 40 லட்சம் சூரியன்கள். தூரம், 26,000 ஒளியாண்டுக்குக் கொஞ்சம் மேலே. எனவே இன்று ஆபீசுக்கு லீவு போடத் தேவையில்லை. அது பாட்டுக்கு அது உட்கார்ந்திருக்கும், சுற்றிவர நட்சத்திரங்களும் பாட்டுக்குச் சுற்றும். எப்போதாவது ஒரு நட்சத்திரம் வழி தவறி ரொம்பக் கிட்டே போய்விட்டால்தான் வினை.

தீபாவளிக்கு முதல் நாள் டவுன் பஸ் படியில் தொங்கியிருக்கிறீர்களா? மேலே இருக்கிறவர் கையைப் பிடித்து உள்ளே இழுப்பார். கீழே ஒருத்தன் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏறப் பார்ப்பான். பஸ் நகரும். என்ன ஆகும்? சட்டை கிழியும். நட்சத்திரத்துக்கும் அதேதான். கருந்துளையைப் பார்த்த பக்கம் பலமாக இழுபடுகிறது; பின்பக்கம் அவ்வளவாக இல்லை. அந்த வித்தியாசம் நட்சத்திரம் தன்னைத்தானே பிடித்து வைத்திருக்கும் பலத்தை மிஞ்சும்போது, டர்ர்ர். கடலில் நிலா ஏற்ற இறக்கம் உண்டாக்குகிறதே, அதே சங்கதிதான், அளவுதான் அநியாயம். பத்து லட்சம் சூரியன் எடையுள்ள கருந்துளைக்குப் பக்கத்தில், சுமார் 7 கோடி கிலோமீட்டருக்குள் நம் சூரியன் மாதிரி ஒன்று போனால் தீர்ந்தது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் இது ஏறக்குறைய பாதி.

இதில் ஒரு வேடிக்கை. கருந்துளை ரொம்பப் பெரியதாக, பத்து கோடி சூரியனுக்கு மேலே இருந்தால், சூரியன் மாதிரி நட்சத்திரம் கிழியாது. முழுசாக, சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். சின்ன வாய்க்காரன்தான் கடித்துக் குதறுவான். பெரிய வாய்க்காரன் அப்படியே முழுங்கிவிடுவான். நம் ஊர் கடன்காரர்கள் மாதிரி.

கிழிந்த நட்சத்திரம் என்ன ஆகும்? எங்கள் ஊர்க்காரனிடம் இதைக் கேட்டால் கரும்பு மிஷினைக் காட்டுவான். சர்க்கரை ஆலை இருக்கிற ஊர். அரவை சமயத்தில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்தே எங்கள் பாதி ஆயுள் போகிறது. மிஷினில் போன கரும்பு ஒரு பக்கம் சாறு, ஒரு பக்கம் சக்கை. நட்சத்திரமும் நூல் நூலாக நீண்டு, சுமார் பாதி விண்வெளியில் விசிறி எறியப்பட்டு ஒரேயடியாகப் போய்விடுகிறது. மீதிப் பாதி சுற்றித் திரும்பி வந்து கருந்துளையைச் சுற்றி வட்டமாகச் சேர்ந்து, உராய்ந்து, கொதித்து, சில மாதங்களுக்குப் பளிச்சென்று எரிகிறது. இந்தப் பாதிப் பாதிக் கணக்கை 1988-ல் எழுதி வைத்தவர் இங்கிலாந்தின் மார்ட்டின் ரீஸ். ஒரு காலக்ஸியில் பத்தாயிரம் வருஷத்துக்கு ஒரு முறையோ லட்சம் வருஷத்துக்கு ஒரு முறையோதான் இது நடக்கும். ஆகவே ஒன்றையே முறைத்துக்கொண்டிருந்தால் பேரப்பிள்ளைகளுக்கும் ஒன்றும் தெரியாது. ஆயிரமாயிரம் காலக்ஸிகளை ராத்திரிக்கு ராத்திரி படம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கே புதிதாக வெளிச்சம் என்று தேட வேண்டும்.

இப்போது நண்பரின் ஏப்பம். உள்ளே போனது வரவே வராது, அதில் மாற்றமில்லை. வெளியே வட்டமடித்துக்கொண்டிருக்கிறதே, அதில் கொஞ்சம்தான் தெறித்து வருகிறது. குழந்தைக்குச் சோறு ஊட்டிப் பார்த்தவர்களுக்கு விளங்கும். கொஞ்சம் வாய்க்குள், கொஞ்சம் அப்பா சட்டையில். அப்படித் தெறித்தது பயங்கர வேகத்தில் போய்ச் சுற்றுப்புற வாயுவில் மோத, எலெக்ட்ரான்கள் காந்தப் புலத்தில் சுருண்டு சுருண்டு ஓட, அதிலிருந்து ரேடியோ அலை கிளம்புகிறது. நட்சத்திரம் எரிந்த வெளிச்சம் அணைந்த பிறகும் இந்த ரேடியோ இருக்கும். அதைப் பார்த்தால் எவ்வளவு வேகத்தில் எவ்வளவு சரக்கு வெளியே வந்தது என்று கணக்குப் போடலாம்.

"ரேடியோன்னா காதில கேக்குமா?" என்றார் நண்பர், அடுத்த நாள் பஸ்ஸில்.

கேட்காது சார். ரேடியோவும் ஒருவகை ஒளிதான், நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. நம் டிரான்சிஸ்டர் அதை வாங்கி ஸ்பீக்கரில் சத்தமாக்குகிறது. விஞ்ஞானிகள் அதை வாங்கிப் படமாக்குகிறார்கள்.

ஊட்டிக்குப் போன எல்லோரிடமும் தொட்டபெட்டா போட்டோ இருக்கும். படகுத்துறை இருக்கும். பொட்டானிகல் கார்டனில் புல்வெளியில் படுத்துக்கொண்டு ஒரு கையால் தலையைத் தாங்கிய போட்டோ கட்டாயம் இருக்கும். (என்னுடையது பீரோவில் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை.) பக்கத்திலேயே முத்தோரையில் மலைச் சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ டெலஸ்கோப் 1970-லிருந்து படுத்திருக்கிறது, அதை எத்தனை பேர் பார்த்திருப்போம்? கோவிந்த் ஸ்வரூப் என்ற மனிதரின் மூளை அது. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே அளவு சாய்வுள்ள மலையாகத் தேடிப் பிடித்தார். அந்தச் சரிவில் வடக்கு தெற்காகப் படுக்க வைத்தால் டெலஸ்கோப்பின் அச்சும் பூமியின் அச்சும் ஒரே திசையில் நிற்கும். அப்புறம் கறி மீன் திருப்புவது மாதிரி ஒரே பக்கமாகச் சுழற்றினால் போதும், வானத்தில் ஒரு புள்ளியை மணிக்கணக்காகத் தொடரலாம். மலையையே மிஷினின் ஒரு பாகமாக ஆக்கிக்கொண்ட சாமர்த்தியம்! எங்கள் ஊரும் 11 டிகிரி சொச்சம்தான். கல்வராயன் மலையில் எத்தனை சரிவு இருக்கிறது! அந்த மனிதர் ஒரு தடவை இந்தப் பக்கம் பஸ் ஏறியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஓர் ஆதங்கம்.

அதே ஸ்வரூப்தான் பிறகு புனேக்கு அந்தப் பக்கம் நாராயண்காவ் அருகில் 45 மீட்டர் குறுக்களவுள்ள தட்டுகள் முப்பதை 25 கிலோமீட்டருக்குப் பரப்பி வைத்தார். தகடு வைத்தால் எடை, செலவு, காற்று என்று மூன்று தொல்லை. எனவே கொசுவலை மாதிரி எஃகுக் கம்பி வலை. 2022 பிப்ரவரியில் 850 கோடி ஒளியாண்டு தூரத்தில் ஒரு நட்சத்திரம் பிய்ந்து, அதன் பீச்சல் நேராக நம்மைப் பார்த்து அடித்தபோது லடாக்கின் ஹான்லேயில் இருக்கும் சின்ன டெலஸ்கோப்பும் அதைப் பார்த்தது, இந்தத் தட்டுகளும் பார்த்தன. இப்படி நேராக அடிக்கும் பீச்சல் நூற்றில் ஒன்று.

இதெல்லாம் இருக்கட்டும். நண்பர் படித்த ஏப்பம் வேறு. அதற்குப் பெயர் ஏ.டி. 2018 எச்.ஒய்.இசட். (ரேஷன் கார்டு நம்பர் மாதிரி இருக்கிறது, என்ன செய்ய.) 66 கோடி ஒளியாண்டுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு சின்ன நட்சத்திரம், நம் சூரியனில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். 2018 அக்டோபரில் அது பிய்ந்த வெளிச்சம் இங்கே தெரிந்தது. அடுத்த வாரங்களில் ரேடியோவில் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. சுமார் 700 நாள் கழித்து எடுத்த பதிவிலும் ஒன்றுமில்லை.

விஞ்ஞானிகளைக் குறை சொல்ல முடியாது. டெலஸ்கோப் நேரம் என்பது கேஷுவல் லீவு மாதிரி. மனு போட வேண்டும், காரணம் எழுத வேண்டும், ஒரு கமிட்டி உட்கார்ந்து பாதியைத் தள்ளும். "செத்துப் போன நட்சத்திரத்தைத் திரும்ப ஒரு தடவை பார்க்க வேண்டும், அங்கே ஒன்றுமில்லை என்று ஏற்கெனவே தெரியும்" என்று எழுதினால் யார் கையெழுத்துப் போடுவார்கள்? அதனால் இந்த மாதிரி சம்பவங்களை முதல் சில மாதம் பார்ப்பது, அப்புறம் விட்டுவிடுவது என்று ஒரு பழக்கமே வந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பந்தல்காரன் வந்து கீற்றைப் பிரிக்கிறானே, அப்படி.

யிவெட் சென்டஸ் என்ற பெண்மணியும் அவருடைய குழுவும்தான் பந்தல் பிரித்த வீடுகளுக்குத் திரும்பப் போனவர்கள். பழைய சாவுகளின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இருக்கும் பெரிய டெலஸ்கோப்பால் பார்த்தார்கள். 2021 ஜூனில், சுமார் 970-ஆம் நாள், நம் எச்.ஒய்.இசட் பளிச்சென்று நின்றது! அது மட்டுமல்ல, வாரத்துக்கு வாரம் ஏறியது. தென்னாப்பிரிக்கா, சிலி, ஆஸ்திரேலியா என்று எல்லா ஊர் டெலஸ்கோப்பையும் திருப்பினார்கள். கணக்குப் போட்டால், நட்சத்திரம் பிய்ந்து சுமார் 750 நாள் சும்மா இருந்துவிட்டு, அதற்கப்புறம்தான் சரக்கு வெளியே கிளம்பியிருக்கிறது. எல்லாத் திசையிலும் போனதாக வைத்துக்கொண்டால் ஒளியின் வேகத்தில் கால் பங்கு. ஒடுங்கிய பீச்சலாக இருந்தால் பாதிக்கு மேலே. ஏப்பம் என்பது என் கைச்சரக்கு இல்லை, கண்டுபிடித்தவர்களே வர்ணித்ததுதான்.

ஒரு கணக்கு பாருங்கள். அந்த நட்சத்திரம் பிய்ந்த சேதி வந்தபோது நாங்கள் விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. கலெக்டர் வந்தார், போர்டு மாறியது, எங்கள் லெட்டர்பேடெல்லாம் மாறியது. அதற்கும் ஒன்றரை வருஷம் கழித்துத்தான் ஏப்பம்!

சரி, ஒன்று அப்படி ஏதோ கோளாறு என்று விடலாம். விடவில்லை. 23 பழைய சாவுகளை, சுமார் 500 நாளிலிருந்து 3,200 நாள்வரை ஆனவற்றை, திரும்பப் பார்த்தார்கள். 2024-ல் வெளியான கணக்குப்படி, வெளிச்சத்தால் கண்டுபிடித்தவற்றில் சுமார் 40 சதவீதம் இப்படிப் பிந்திப் பேசுகிறவை. நூற்றுக்கு நாற்பது! இத்தனை வருஷம் ஒன்றுமில்லை என்று கோப்பை மூடி வைத்ததெல்லாம் அப்புறம் பேசியிருக்கிறது. அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

ஏன் இந்தத் தாமதம் என்பதில் இன்னும் வாய்ச்சண்டை. ஒரு கட்சி, கருந்துளையைச் சுற்றிய வட்டம் நிதானமாக மாறி, ஒரு கட்டத்தில்தான் வெளியே தள்ள ஆரம்பிக்கிறது என்கிறது. இன்னொரு கட்சி சொல்வது வேறு மாதிரி. தாமதமே கிடையாதாம். பீச்சல் முதல் நாளே கிளம்பிவிட்டது. ஆனால் முகம் வேறு பக்கம். ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடும் பீச்சல் தன் எதிரே நிற்பவனுக்குத்தான் தெரியும், டார்ச் லைட் மாதிரி. நாளாக ஆக அது வேகம் குறைந்து, அகன்று, ஒருநாள் அதன் ஓரம் நம் பக்கமும் விழுகிறது. நாம்தான் அன்றைக்கு ஆரம்பித்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இந்த இரண்டாவது கட்சியைப் படித்துக்கொண்டிருந்த வாரம்தான் ஏணிக்குப் போனேன்.

பெரியம்மா போய் மூணு வருஷம் ஆகிறது. அப்போது வீடு கொள்ளாமல் ஜனம். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை, பேசவில்லை. "கல்லு மாதிரி ஒக்காந்திருக்காரே" என்றார்கள். பதினாறாம் நாள் முடிந்தது, பந்தல் பிரித்தார்கள், திருப்பூர் மகன் அப்பாவைக் கூப்பிட்டுப் பார்த்தான், வரமாட்டேன் என்றுவிட்டார். நான் மூணு தெரு தள்ளித்தான் இருக்கிறேன். தினம் பஸ்ஸுக்குப் போகும்போது பைக்கை மெதுவாக்கி, "பெரியப்பா, சாப்ட்டாச்சா?" என்பேன். தலையை ஆட்டுவார். என் கடமை முடிந்தது. முதல் மாசம் பைக்கை நிறுத்தினேன். அப்புறம் மெதுவாக்கினேன். அப்புறம் ஹாரன் மட்டும்.

ஏணியைக் கேட்டதும், "பின்னாடி இருக்கு, எடுத்துக்க" என்றார். எடுத்துக்கொண்டு வரும்போது தடுக்கி, கொடியில் காய்ந்த ஒரு பழைய புடவைமேல் ஏணி மோதிவிட்டது. தலையணை உறை தைக்கத் துவைத்து வைத்தாராம்.

"பாத்துடா. உன் பெரியம்மா இத வாங்கறதுக்கு நாலு கடை ஏறுனா" என்றார்.

அவ்வளவுதான். ஏணியைச் சுவரில் சாய்த்தேன். அவர் பேச ஆரம்பித்தார். நாலு கடையும் எந்தெந்தக் கடை என்று சொன்னார். ஆலை எடை மேடையில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது எழுந்து வெந்நீர் போட்டது, மகன் டைபாய்டில் கிடந்தபோது கோமுகி அணை மேட்டிலிருந்து நடந்தே வந்தது, புளி ஜாடி உடைந்த சண்டை, அப்புறம் பேசாமல் இருந்த எட்டு நாள். சிரித்தார்கூட. பத்து மணி இருக்கும், குரல் இறங்கியது.

"அன்னிக்கு ராத்திரி தண்ணி கேட்டாடா. 'இரு, எழுந்துக்கறன்'னு சொன்னன். எழுந்துக்கறதுக்குள்ள தூங்கிட்டன். காலைல சொம்பு அங்கயே இருந்துச்சு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொன்னேன், தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று. "தெரியும்டா" என்றார். தெரிந்தால் மட்டும் போதுமா என்ன.

கொஞ்ச நேரம் கழித்து, "மூணு வருஷமா ஏன் பெரியப்பா ஒருத்தர்கிட்டயும் சொல்லல?" என்றேன்.

"சொல்லாம என்ன? பால்காரன்கிட்ட சொல்லியிருக்கன். எதுர் வூட்டுப் பையன் டியூஷன் போறதுக்கு முன்னாடி வந்து ஒக்காருவான், அவனுக்கு முழுக் கதையும் தெரியும். நீதான் ஆரனடிச்சிட்டுப் போயிடுவியே."

பதினோரு மணிக்கு ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து வந்தேன். வழியில் நாய்கள் என்னைத் திருடன் என்று நினைத்துத் தெரு முனை வரைக்கும் கொண்டுவந்து விட்டன.

தொட்டியை மறுநாளே கழுவியாயிற்று. ஏணி இன்னும் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறது. மனைவி தினம் கேட்கிறாள், "எப்ப திருப்பிக் கொடுக்கப் போறீங்க?" ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்குப் போகிறேன், ஏணியை இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு வர.